ஸ்பிரிங் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் காரில் எந்த ஸ்டீரியோ தாங்கும்? தேர்விலிருந்து பொருத்துவது வரை முழு வழிகாட்டி

சாதாரண குடும்பக் காருக்கு ஸ்டீரியோ வாங்குகிறவர் திரை எவ்வளவு பெரிது, போன் சட்டென்று இணைகிறதா, பேஸ் எப்படி என்று பார்த்தால் போதும். காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுப்பு) போட்டு, காரைத் தரையோடு தரையாக இறக்கி, பக்கச்சுவர் மெலிந்த டயர் மாட்டி ஓட்டுகிறவருக்கு அந்த வரிசை அப்படியே தலைகீழ். இந்தச் செட் இரண்டு மூன்று வருடமாவது உருப்படியாக ஓடுமா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. ஒலித்தரம், திரை, விளக்கின் நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. கடையில் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் எத்தனை அதிர்வைத் தாங்கும் என்று கார் ஸ்டீரியோ பெட்டியில் எண் எதுவும் அச்சிடுவதில்லை. ஆகவே செட்டின் கட்டமைப்பைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை.

பேச வசதியாக ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: மாஸ்டா எம்எக்ஸ்-5. அதிலும் 1989-இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான முதல் தலைமுறையும், 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையும். சுமார் ஒரு டன் எடை, துணிக் கூரை, டேஷ்போர்டில் இரட்டை டின் அளவுக்குத் திறப்பு (கார் ஸ்டீரியோவின் பொது அளவுக்குப் பெயர் டின்; இரட்டை டின் என்றால் ஒற்றை டின்னைப் போல இரு மடங்கு உயரம்). வாங்கியவர்களில் பலர் முதலில் கைவைப்பது சஸ்பென்ஷனில்தான். இந்தியாவில் மாஸ்டா விற்பனையில் இல்லை என்பதால் லண்டன், டொராண்டோ, மெல்பர்ன் பக்கம் ஒன்று வைத்திருக்கும் நம்மவர்களுக்குத்தான் இது நேரடியாகப் பயன்படும். ஆனால் ஹோண்டா எஸ்2000, லோட்டஸ் எலீஸ், அவ்வளவு ஏன், உயரம் குறைத்த ஒரு போலோவுக்கும் கணக்கு இதேதான்.

எது குலுங்குகிறது, எவ்வளவு

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரணக் காரின் உடல் அதன் ஸ்பிரிங் மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும், அதாவது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். ஸ்போர்ட்ஸ் காரில் இது 2 ஹெர்ட்ஸை நெருங்கும், பந்தயத்துக்கு இறுக்கிய காரில் அதையும் தாண்டும். ஸ்பிரிங்கின் கடினத்தை இரண்டு மடங்காக்கினால் ஆட்டத்தின் வேகம் சுமார் 1.4 மடங்குதான் கூடும், ஆகவே எண்ணில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சக்கரமும் அச்சும் சேர்ந்து தனியாக 10 முதல் 15 ஹெர்ட்ஸில் துள்ளும். மெத்தென்ற ஸ்பிரிங்கும் தடித்த டயரும் அந்தத் துள்ளலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இறுக்கமான ஸ்பிரிங்கும், அதோடு இறுக்கி வைத்த ஷாக் அப்சார்பரும், மெல்லிய டயரும் சேர்ந்தால் அது அப்படியே உடலுக்கு ஏறும்.

இங்கே ஒரு கணக்கு. ஒரே அளவு அசைவுக்கு, அதிர்வெண் பத்து மடங்கானால் முடுக்கம் நூறு மடங்காகும். டேஷ்போர்டு 1.5 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழும் அசைந்தால் அதற்குள் இருக்கும் செட்டுக்கு எதுவுமே தெரியாது. அதே ஒரு மில்லிமீட்டர் 15 ஹெர்ட்ஸில் வந்தால் முடுக்கம் கிட்டத்தட்ட புவியீர்ப்புக்குச் சமம். செட்டின் ஒவ்வொரு திருகும், ஒவ்வொரு பின்னும், சர்க்யூட் போர்டில் நிற்கும் ஒவ்வொரு கெப்பாசிட்டரும் நொடிக்கு 15 முறை தன் எடையை மேலும் கீழும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். பாலத்து இணைப்பு, சாலைப் பள்ளம், பூனைக்கண் விளக்கு இவற்றில் ஏறும்போது வரும் அடி இதைவிடக் கூர்மையானது.

கூரை இல்லாத கார் என்றால் இன்னொன்றும் சேரும். கூரை இல்லாததால் உடல் முறுக்குக்கு இளகிக்கொடுக்கும், கரடான சாலையில் முன்கண்ணாடிச் சட்டமும் டேஷ்போர்டும் ஒன்றாக நடுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் செட் உட்கார்ந்திருக்கும் இடம் அதே டேஷ்போர்டுதான்.

ஆக, தொங்குவது, சறுக்குவது, ஸ்பிரிங்கில் நிற்பது, செருகிப் பிடுங்குவது, ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ளது, இவைதான் முதலில் போகும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தப் பட்டியலைக் குறைப்பதற்குத்தான். பிராண்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பிடிப்புக்குக் கொடுக்கும் கவனம் அதிக நாள் உழைக்கும் என்பது என் கருத்து.

படி 1: அசையும் பாகம் உள்ள எதையும் ஒதுக்குங்கள்

முதலில் சிடி. சிடியில் பாட்டுத்தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான், லேசர் லென்ஸ் அந்தத் தடத்தைத் தொடாமலே பின்தொடர வேண்டும். அதற்காக லென்ஸை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டிருப்பார்கள், முழு டெக்கையும் சின்ன ஸ்பிரிங்குகளிலும் ரப்பர் டேம்பர்களிலும் மிதக்கவிட்டிருப்பார்கள். அந்த மிதவை அமைப்பு சராசரிக் காரை மனதில் வைத்துச் செய்தது. நம் காரில் அது எல்லை வரை போய் இடிக்கும். மெமரி வைத்துப் படித்துச் சமாளிக்கும் செட்களில் பாட்டு நிற்காமல் இருக்கலாம், ஆனால் உள்ளே லென்ஸ் தவறித் தவறித் தேடிக்கொண்டேதான் இருக்கும், அந்தத் தேய்மானம் வெளியே தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பிரச்சினை சிடியை விடப் பழையது. 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் நிறுவனம் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு இசைத்தட்டுப் பிளேயரையே வைத்து விற்றது. ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு பதினாறே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, முள் தாவாமலிருக்க அதை அழுத்திப் பிடிக்கும் அமைப்பு. படகு மாதிரி மிதந்த அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களிலேயே அது நிலைக்கவில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் வந்த கேசட் பிளேயர் இந்த விஷயத்தில் சிடியை விட முரட்டுத்தனமானது, நாடா தலையோடு ஒட்டியே ஓடுவதால் குலுக்கலுக்கு அவ்வளவு சீக்கிரம் தாவாது. ஆனால் இன்று அதன் பெல்ட்டுக்கும் ரப்பர் உருளைக்கும் எங்கே போவது.

சரி, சிடி இல்லாத செட்டை எப்படி அடையாளம் காண்பது? மாடல் எண்ணின் முதல் எழுத்துகளே சொல்லிவிடும். ஒற்றை டின் செட்களில் பயோனியர் டிஇஎச் என்று தொடங்கினால் சிடி உண்டு, எம்விஎச் என்றால் இல்லை. கென்வுட்டில் கேடிசி சிடியோடு, கேஎம்எம் சிடி இல்லாமல். சோனியில் எம்இஎக்ஸ் சிடி, டிஎஸ்எக்ஸ் இல்லை. ஆல்பைனில் சிடிஇ சிடி, யுடிஇ இல்லை. பழைய பொருள் விற்கும் தளங்களில் படம் மங்கலாக இருந்தாலும் இந்த எழுத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

அடுத்து, பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்து சறுக்கி வந்து நிமிரும் 7 அங்குலத் திரை. ஒற்றை டின் திறப்புக்குள் பெரிய திரை கிடைக்கிறதே என்று ஆசை வரும். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், மோட்டார், ஒவ்வொரு முறையும் மடங்கி விரியும் பட்டைக் கேபிள். நிமிர்ந்து நிற்கும் திரை முழுக்க அந்தச் சின்னச் சக்கரங்களின் பல்லில்தான் தொங்குகிறது. இந்த வகைக் காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

கழற்றி எடுக்கும் முகப்பு? இது கொஞ்சம் சங்கடமான விஷயம். திருட்டுக்கு எதிராக வந்த நல்ல ஏற்பாடு, துணிக் கூரை கார்களுக்கு ரொம்பவே தேவை. ஆனால் முகப்புக்கும் உடலுக்கும் நடுவே இருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு வரிசைப் பின்கள். குலுக்கலில் அவை ஒன்றோடொன்று உரசி, உரசிய இடத்தில் நுண்ணிய ஆக்சைடு படிந்து, ஒரு நாள் டிஸ்பிளே அணைந்து அணைந்து எரியத் தொடங்கும். நிலையான முகப்பு கிடைத்தால் அதை எடுங்கள். கழற்றும் வகைதான் வாங்குவீர்கள் என்றால் கடையிலேயே முகப்பை மாட்டி விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டத்தில் கடகடவென்று சத்தம் வருகிற செட், காரிலும் அதே சத்தத்தை ஆயுள் முழுக்கத் தரும்.

படி 2: திரையா, திருகும் குமிழா

இறுக்கமான காரில் ஓடிக்கொண்டே தொடுதிரையில் ஒரு சின்னப் படத்தைக் குறிபார்த்துத் தொட முயன்றவருக்குத் தெரியும். விரல் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். சத்தத்தைக் குறைக்கப் போய் அடுத்த பாட்டு ஓடும். கூரையைத் திறந்துவிட்டால் வெயிலில் திரையே தெரியாது. உருண்டையான, கையுறையோடும் பிடிக்க வருகிற ஒரு வால்யூம் குமிழ் இருக்கும் ஒற்றை டின் செட்தான் என் தேர்வு. மிச்சமிருக்கும் ஒற்றை டின் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் பர்ஸ், சாவி போட இடமாயிற்று. இந்தக் காரில் அதுவே பெரிய வசதி.

போனின் திரையைச் செட்டில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு: இரட்டை டின் திறப்புக்குள்ளேயே முழுதாக அடங்கும் 6.8 அல்லது 7 அங்குலத் திரை வாங்குங்கள். அதிலும் டிவிடி இல்லாத வகை. பயோனியரில் டிஎம்எச், கென்வுட்டில் டிஎம்எக்ஸ் என்று தொடங்குபவை. ஒற்றை டின் உடலின் முன்னால் 9, 10 அங்குலத் திரை மிதந்து நிற்கும் மாடல்கள் பார்க்க அழகு. ஆனால் அந்த எடை முழுக்க ஒரு சின்ன பிராக்கெட்டில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது, கரடான சாலையில் திரை தனியாக நடுங்கும், நாளடைவில் பிராக்கெட்டின் துளைகள் இளகும்.

பலரும் யோசிக்காத ஒரு வழி உண்டு: படகுக்கான செட். கென்வுட் கேஎம்ஆர் வரிசை, கார்மினின் ஃபியூஷன் போன்றவை. அலையில் படகு அறைபடும்போது வரும் அதிர்ச்சி, உப்புக்காற்று, நேரடி வெயில் இவற்றை எதிர்பார்த்து வடிவமைத்தவை. இவற்றில் சர்க்யூட் போர்டுக்கு ஈரம் புகாத பூச்சு கொடுத்திருப்பது வழக்கம், முகப்புப் பிளாஸ்டிக் வெயிலில் வெளுக்காது. கூரை திறந்த காரில் திடீர் மழையில் ஒருமுறையாவது நனையத்தான் போகிறீர்கள். விலை கொஞ்சம் கூட, தோற்றம் சிலருக்குப் பிடிக்காது. வாங்குமுன் அளவு ஒற்றை டின்தானா என்று பாருங்கள், எல்லாமே அப்படி இல்லை.

படி 3: ஆழமும் எடையும்

ஒற்றை டின் திறப்பு 182-க்கு 53 மி.மீ. என்று ஐஎஸ்ஓ 7736 தரம் சொல்கிறது. உயரமும் அகலமும்தான் பொது, ஆழம் செட்டுக்குச் செட் மாறும். சிடி உள்ளவை 160 மி.மீ. பக்கம் போகும், சிடி இல்லாதவற்றில் பல 100 மி.மீ. அளவிலேயே முடிந்துவிடும். எடையும் ஏறத்தாழப் பாதி. இது இரண்டு வகையில் லாபம். பின்னால் வயர்களை மடக்கித் திணிக்காமல் தளர்வாக விட இடம் கிடைக்கும், முன்பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் செட்டின் பின்னிழுப்பும் குறையும். கடையில் இரண்டு மாடலுக்கு நடுவே குழம்பினால், கையில் எடுத்து இலேசானதை வாங்குங்கள். ஆம்பிளிஃபையரில் எடை நல்ல குணம், இங்கே அப்படி இல்லை.

படி 4: வாட் எண்ணை நம்பாதீர்கள்

கூரை திறந்து நெடுஞ்சாலையில் போனால் காற்றின் இரைச்சலில் பாட்டு கேட்க வேண்டுமே, அதனால் "50 வாட் x 4" என்று பெட்டியில் பார்த்ததும் மயங்குவோம். செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 10 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் உள்ளே போவதே 144 வாட். அதிலிருந்து 200 வாட் வெளியே வராது. 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்க முடிந்த உச்ச வரம்பு சுமார் 26 வாட்தான், நடைமுறையில் நல்ல செட்கள் சேனலுக்கு 14 முதல் 22 வாட் வரை தருகின்றன. எந்த பிராண்டானாலும் ஏறக்குறைய இதுதான் கதை. ஆகவே வாட்டுக்காக ஒரு செட்டை விட்டு இன்னொன்றுக்கு ஓட வேண்டாம். அதற்குப் பதில் பின்னால் ஆர்சிஏ ப்ரீ-அவுட் (தனி ஆம்பிளிஃபையருக்குப் பாட்டை அனுப்பும் துளை) இருக்கிறதா, வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள், பின்னால் தனி ஆம்ப் வைக்க அது உதவும்.

ஆம்ப் வைப்பதில் எம்எக்ஸ்-5-க்கு ஒரு அதிர்ஷ்டம்: இந்த இரண்டு தலைமுறைகளிலும் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஆம்பையும் டிக்கியில் வைத்தால் பவர் வயர் ஓரடி இரண்டடிக்குள் முடிந்துவிடும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டில் துளை போட வேண்டாம். ஃப்யூஸைப் பேட்டரி முனைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். டிக்கியின் தரையில் மட்டும் வைக்காதீர்கள், பழைய கார்களில் அங்கே தண்ணீர் தேங்கும். தகட்டில் நேராகத் திருகாமல் ரப்பர் புஷ் கொடுத்துத் திருகுங்கள்.

படி 5: பாட்டு எங்கிருந்து வருகிறது

யுஎஸ்பி துளையில் நீளமான பென்டிரைவைச் செருகினால் அது நெம்புகோலாகி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே சால்டரை அசைக்கும். விரல் நகம் அளவே வெளியே தெரியும் குட்டி டிரைவ் வாங்குங்கள். அதைவிட நல்லது, செட்டின் பின்னால் யுஎஸ்பி உள்ள மாடலாக எடுத்து, ஒரு நீட்டிப்புக் கேபிளைக் கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோய், அங்கே டிரைவை ஸ்பாஞ்சில் சுற்றி வைப்பது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தால் எந்தச் செட்டும் தகராறு செய்யாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கை இந்தக் காரில் மாட்டாதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

புளூடூத் என்றால் கேபிளே இல்லை, உடைய ஒன்றும் இல்லை. போனை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. அது மோட்டார் சைக்கிளுக்குச் சொன்னது, இருந்தாலும் இறுக்கமான காரின் டேஷ்போர்டில் விறைப்பான கிளாம்ப்பில் போனைப் பூட்டிவைப்பதை விட மெத்தென்ற ஒரு பையில் போட்டு வைப்பது நல்லது.

படி 6: ஸ்பீக்கர்

கதவு ஸ்பீக்கர் மாற்றுவதானால் மூன்று விஷயம் பார்த்தால் போதும். கூம்பு பாலிப்ரொப்பிலீன், விளிம்பு ரப்பர், கூடு தகடு அல்லது வார்ப்பு. காகிதக் கூம்பு கதவுக்குள் வடியும் மழைநீரில் ஊறும், ஃபோம் விளிம்பு சில வருடத்தில் பொடியாக உதிரும். ஸ்பீக்கர் வளையத்தைக் கடையில் எம்டிஎஃப் மரத்தில் வெட்டித் தருவார்கள், அது ஈரத்தில் உப்பித் திருகைக் கைவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஆழத்தை அளங்கள்.

இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் போஸ் நிறுவனத்தின் ஒலி சிஸ்டத்தோடு வந்த கார் என்றால் நில்லுங்கள். அதன் ஆம்பும் ஸ்பீக்கரும் சாதாரணச் செட்டோடு நேரடியாகச் சேராது. ஒன்று அதற்கான அடாப்டர், அல்லது ஸ்பீக்கரையும் சேர்த்து மாற்றுவது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர் (முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் ஜப்பானியப் பெயர்) வாங்கியவர்கள் பழைய ரேடியோவையே வைத்திருக்க நினைத்தால், அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிக் கீழேயே முடிந்துவிடும், உங்கள் ஊர் நிலையங்கள் பாதிக்கு மேல் கிடைக்காது.

படி 7: பொருத்துவது, உண்மையான வேலை இங்கேதான்

நல்ல செட்டையும் மோசமாகப் பொருத்தினால் ஒரு பருவத்தில் போய்விடும், சுமாரான செட்டை ஒழுங்காகப் பிடித்துவைத்தால் பல வருடம் ஓடும். நேரம் இருந்தால் நீங்களே செய்யுங்கள், கடையில் அரை மணியில் முடிக்கும் வேலையில் கீழே சொல்வதில் பாதி நடக்காது.

முதலில் டிக்கியைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பழைய செட்டை எடுத்தபின் அதன் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முப்பது வருடக் கார் என்றால் முந்தைய சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருப்பார்கள். அதன் மேல் புதுச் செட்டை மாட்டுவதில் அர்த்தமில்லை, அசல் கனெக்டர் வரை போய் அங்கிருந்து தொடங்குங்கள். காருக்கென்று கிடைக்கும் ஹார்னஸ் அடாப்டர் (காரின் கனெக்டரில் செருகும் இடைவயர்) வாங்கினால் காரின் வயரை வெட்டவே வேண்டாம்.

அடாப்டரையும் செட்டின் வயரையும் சேர்ப்பதில் சால்டர் வைப்பதா, கிரிம்ப் செய்வதா (உலோக டெர்மினலை வயர் மேல் நசுக்கி இறுக்குவது) என்று முடியாத சண்டை ஒன்று உண்டு. அதிர்வு அதிகமுள்ள இடத்தில் நான் கிரிம்ப் பக்கம். சால்டர் உருகி வயருக்குள் ஏறி, ஏறிய தூரம் வரை வயரை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்குகிற அந்த இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். சரியான அளவு டெர்மினல், ராட்செட் வைத்த கிரிம்ப் கருவி, மேலே ஒட்டும் பிசின் உள்ள வெப்பச் சுருக்குக் குழாய், இவ்வளவுதான். இணைப்புக்கு இரண்டு பக்கமும் வயரை எங்காவது கட்டி, இழுவிசை இணைப்பில் விழாமல் பாருங்கள். பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். கார் தொழிற்சாலைகள் வயரில் சுற்றும் துணி டேப் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கி முழுக் கொத்தையும் சுற்றுங்கள், கடகட சத்தமும் நிற்கும்.

வயர் நிறங்கள் பெரும்பாலான புதுச் செட்களில் ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் மின்சாரம், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கருப்பு எர்த், நீலம் மோட்டார் ஆண்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்புக்கு. எர்த்தை மட்டும் அடாப்டரை நம்பி விடாமல், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் தனியாக ஒரு வளைய டெர்மினல் வைத்துத் திருகுங்கள். பள்ளத்தில் செட் அணைந்து எரியும் கேஸ்களில் பாதி இங்கேதான் முடியும்.

அப்புறம், பிடிப்பு. செட்டோடு ஒரு தகட்டுக் கூடு வரும். அதைத் திறப்பில் நுழைத்து, காதுகளை மடக்கி, செட்டை உள்ளே தள்ளினால் க்ளிக் என்று உட்காரும். பெரும்பாலான கடைகள் இதோடு நிறுத்திவிடும். இப்படி மாட்டிய செட் முன் விளிம்பில் மட்டும் பிடிப்போடு பின்னே நீட்டிக்கொண்டு, ஒரு முனையில் மட்டும் ஆணி அடித்த பலகை போல நிற்கிறது. செட்டின் பின்புறத்தில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், பெட்டியில் ஒரு ரப்பர் தொப்பியும் துளைகள் போட்ட ஒரு தகட்டுப் பட்டையும் கிடக்கும். பலர் அவற்றை மிஞ்சிய சாமான் என்று தூக்கிப் போடுவார்கள். அவைதான் இந்தக் காருக்கு உயிர். பட்டையின் ஒரு முனையைப் பின்போல்ட்டில் இறுக்கி, மறுமுனையை டேஷ்போர்டுக்குள் இருக்கும் உலோகக் குறுக்குச் சட்டத்தில் திருகுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். ரப்பர் தொப்பி பொருந்தும் குழி டேஷ்போர்டில் இருந்தால் பட்டை தேவையில்லை. இரண்டும் முடியாத இடத்தில், செட்டின் அடியில் மூடிய துளையுள்ள அடர்த்தியான ஃபோம் ஒன்றை எடை தாங்குமளவு வைத்துத் திணியுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பக்கவாட்டு பிராக்கெட்டில் திருகும் வசதி இருந்தால் கூட்டை விட அது உறுதி. செட்டோடு வந்த திருகையே போடுங்கள், நீளமான திருகு உள்ளே போய் போர்டைத் தொடும். உலோகத்தில் இறங்கும் திருகுக்கு நடுத்தர த்ரெட் லாக்கர் (திருகு இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு நல்லது, ஆனால் பிளாஸ்டிக் பக்கத்தில் படக் கூடாது, சில பிளாஸ்டிக்குகள் அதில் வெடித்துவிடும்.

கடைசியாக ஆண்டெனா பிளக். முழுக்க அழுத்திச் செருகிவிட்டு, அதன் கேபிளையும் அருகில் ஒரு டையில் கட்டுங்கள். வயர்க் கொத்து ஹீட்டர் கைப்பிடியின் கேபிளில் உரசவில்லை என்று ஹீட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பாருங்கள்.

படி 8: மூடுமுன் சோதனை

டேஷ்போர்டு பேனலை மாட்டுமுன் செட்டை ஓடவிட்டு, முகப்பில், பக்கத்தில், பின்வயர்களில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் மெல்ல ஆட்டுங்கள். சத்தம் கரகரத்தாலோ டிஸ்பிளே சிமிட்டினாலோ இப்போதே பிடித்துவிடலாம். பிறகு உங்களுக்குத் தெரிந்த மோசமான சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஓட்டியபின் எல்லாத் திருகையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள், ரப்பரும் ஃபோமும் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

பின்னால் கோளாறு வந்தால் அறிகுறியைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். பள்ளத்தில் கடிகாரமும் நிலையங்களும் அழிந்தால் மஞ்சள் வயர் அல்லது எர்த். செட் அணைந்து உடனே எரிந்து, நினைவு மட்டும் அப்படியே இருந்தால் சிவப்பு. ஒரு பக்கம் மட்டும் பாட்டு நின்றால், கதவுக் கீலுக்கு நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள், திறந்து மூடி அங்கே முறிந்திருக்கும். டிஸ்பிளே மட்டும் போய்ப் பாட்டு ஓடினால் முகப்பின் பின்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பாட்டு முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருந்தால் யுஎஸ்பி இணைப்பு. எல்லாம் சரியாக இருந்தும் செட் குலுக்கலில் மட்டும் அடங்கி அடங்கி எழுந்தால் உள்ளே போர்டில் சால்டர் விட்டிருக்கிறது. பெரிய கனெக்டர்கள் நிற்கும் இடத்தைத்தான் அப்போது முதலில் பார்க்க வேண்டும், சால்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால் புதுச் செட் வாங்குமுன் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.